மணக்கும் சுவர்

அத்தியாயம் 9

நுஃபிஸா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல் கதவுக்கு நேரே போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கதவின் வெளிப்பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. இடிந்து விழப்போகும் வீடு, உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். இன்று பிற்பகல் அஸ்ர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நகராட்சி ஆட்கள் சங்கிலியும் பூட்டுமாக வந்து அவளை வெளியேற்றிவிட்டு வீட்டுக்கு சீல் வைப்பார்கள்.

"வரட்டும். நாற்காலியோட தூக்கிட்டுப் போகட்டும். நான் கனமான பொம்பளை, சந்தோ குறுகல். யாரு ஜெயிக்கறாங்கன்னு பாத்துடலாம்" என்றாள்.

மஹ்ஜூபுக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போனது. அவன் துப்பறியும் பத்தூலின் உதவியாளன். அதற்கு முன்னால் லைசென்ஸ் இல்லாத டூரிஸ்ட் கைடு. ஃபெஸ் பழைய நகரத்துச் சந்துகளில் வெள்ளைக்காரர்களைத் தொலைத்துவிட்டு, பிறகு தானே கண்டுபிடித்துக் கொடுத்து, இரண்டுக்கும் நன்றி வாங்கிக்கொண்டவன். பத்தூல் வேறு ரகம். காசாபிளாங்காவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெயிம்களைப் பிடித்தே பெயர் வாங்கியவள். குட்டையான உருவம், தடித்த கண்ணாடி, அளந்து அளந்து பேச்சு. பேச வேண்டியதை எல்லாம் மஹ்ஜூபே பேசிவிடுவதால் அவளுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

"உங்களுக்கு யார் மேல சந்தேகம் லல்லா?" என்று பத்தூல் கேட்டாள். அந்த ஊரில் பெண்களுக்கு லல்லா, ஆண்களுக்கு ஸி என்பது மரியாதை.

"இதுல சந்தேகம் வேறயா? ஸி தாமிதான். அந்தப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்காரன். நான் சாவியோட வந்த அன்னிக்கே வீட்ட எங்கிட்ட குடுத்துடுன்னு வந்து நின்னான். கத்தரிக்கோலக் காட்டி அனுப்பினேன். இப்ப என் சுவத்துல தண்ணி விடறான்."

நுஃபிஸா காசாபிளாங்காவில் அழகு நிலையம் வைத்திருந்தவள். ஐந்தாவது மாடி ஃப்ளாட்டில் பகலிலும் விளக்குப் போட்டு வாழ்ந்தவள். ஒரு கல்யாணத்துக்கு ஃபெஸ் வந்த இடத்தில் இந்த வீட்டுக்குள் தற்செயலாக எட்டிப் பார்த்தாள். நடு முற்றத்தில் வானம் சதுரமாக இறங்கியிருந்தது. அவ்வளவுதான், கடையை விற்றாள், ஃப்ளாட்டை விற்றாள். வீட்டை விற்க வேண்டிய வாரிசுகளோ ஒரு கல்யாணப் பந்திக்குக் காணும். ஒருவன் பெல்ஜியத்தில் இருந்தான். இன்னொருத்தி, அண்ணன் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றாள். அண்ணனை அழைத்து வந்து மன்னிப்புக் கேட்கவைத்ததே நுஃபிஸாதான். அதன்பிறகு ஆரம்பித்தது கூத்து. சுண்ணாம்பு மூட்டை ஒவ்வொன்றும் கோவேறு கழுதையின் முதுகில்தான் வர வேண்டும், அதுவும் கழுதைக்கு மனசு இருந்தால். ஒரு உத்தரத்தை மாற்றப் போனால் பக்கத்து உத்தரம் செத்துக் கிடந்தது. ஆனாலும், தலைமுடிக்குச் சாயம் பூசும் கரண்டியால் ஒரு தூணின் நீலப் பெயிண்டைச் சுரண்டியபோது அடியில் பச்சையும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன ஓடு பதித்த வேலைப்பாடு கண்ணைத் திறந்தது. அன்றைக்கு அவள் அந்தத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கென்று மிச்சம் இருப்பது இந்த வீடு ஒன்றுதான்.

"அழாதீங்க லல்லா நுஃபிஸா. உயிரு முக்கியம்" என்று உருகினார் முற்றத்து மூலையில் நின்ற ஸி லர்பி. இந்த வீட்டை அவளுக்கு வாங்கிக் கொடுத்த தரகர் அவர்தான். சலவை கலையாத வெள்ளை ஜெலாபா அங்கி, தேன் தடவிய குரல். "நான் வாங்கிக் குடுத்த வீடு இப்படி ஆயிடுச்சேன்னு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. சாமான் ஏத்த கழுதைகூட நானே பிடிச்சு வச்சிருக்கேன், பாருங்க."

"நான் அழவே இல்லையே ஸி லர்பி. கழுதைய நீங்களே வச்சுக்கங்க, பேச்சுத் துணைக்கு ஆகும்."

மஹ்ஜூப் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்க்கப் போனான்.

மேற்குச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஊறிக் கிடந்தது. நடுவில் விரல் நுழையும் விரிசல். வசந்தம் பிறந்ததிலிருந்துதான் இப்படி. அந்தச் சுவரில் குழாய் எதுவும் கிடையாது. அதற்கு அந்தப் பக்கம் இருப்பது பூட்டிய வீடு. வாரிசுகள் கடல் தாண்டி மார்செய்யில் இருக்கிறார்கள். லர்பிதான் அவர்களுக்காக அதைப் பார்த்துக்கொள்கிறார். தண்ணீர் இணைப்பைத் துண்டித்து வருஷக்கணக்காகிறது. சாவிகூட எங்கேயோ தொலைந்துவிட்டது என்று அவரே சொன்னார். எனவே, தண்ணீர் பூமிக்கடியிலிருந்து வருகிறது, நிலம் உள்வாங்குகிறது என்று நகராட்சி என்ஜினீயர் முடிவு கட்டிவிட்டார்.

மஹ்ஜூப் சுவரில் சாய்ந்தான். சட்டென்று நிமிர்ந்து மூக்கை உறிஞ்சினான்.

"பணக்காரங்க வீட்டுச் சுவருகூட வேற மாதிரி போலிருக்கு. எங்க வீட்டுச் சுவரு நனைஞ்சா எலி நாத்தம் அடிக்கும். இது என்னடான்னா கல்யாண வீடு மாதிரி மணக்குது!"

"என்ன சொன்ன?" என்று பத்தூல் திரும்பினாள்.

"சும்மா ஜோக்கு லல்லா."

"உன் ஜோக்குல எப்பவாவது ஒரு தடவை விஷயம் இருக்கும். தள்ளு."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கை விரிசலில் வைத்தாள். பிறகு உள்ளங்கையைச் சுவரில் பதித்து வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"ஆரஞ்சுப் பூ" என்றாள்.

"நானும் கவனிச்சேன்" என்றாள் நுஃபிஸா நாற்காலியில் இருந்தபடியே. "பூட்டின வீட்டுல ஜின் குடியிருக்குன்னு தெருவுல சொன்னாங்க. நல்ல ஜின்னா இருக்கும், மணமா இருக்கேன்னு விட்டுட்டேன்."

"நீங்க பன்னீர் காய்ச்சினீங்களா?"

"இந்தக் கலவரத்துலயா? என் ஜென்மத்துல முதல் தடவையா இந்த வருஷந்தான் காய்ச்சல."

ஃபெஸ்காரி ஒருத்தி வசந்தத்தில் ஆரஞ்சுப் பூவை வாங்கிப் பன்னீர் காய்ச்சாமல் இருந்தால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம், அல்லது புருஷன் சரியில்லை என்று அர்த்தம். செம்புப் பானையில் பூவைக் கொதிக்கவிட்டு, மேல் பானையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அது சூடாகச் சூடாகக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். ஒரு பாட்டில் பன்னீருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் வடிகாலில் போகும். மஹ்ஜூபின் அம்மா காய்ச்சும் நாட்களில் அவன் கால் வைக்க இடமில்லாமல் தெருவிலேயே கிடப்பான்.

"அப்ப இது ஜின் கொட்டின தண்ணி" என்றான்.

"வா, வெளிய போவோம்."

பூட்டிய வீட்டின் கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. அதன் மேலே சிலந்தி வலை, வலையின் மேலே தூசி. கழற்றித் திறந்து வருஷமாகியிருக்கும். மஹ்ஜூப் தோளைக் குலுக்கினான். "ஜின்னுக்குச் சாவி எதுக்கு?"

பத்தூல் பூட்டைப் பார்க்கவே இல்லை. கழுத்தை வளைத்து மேலே, மொட்டைமாடி விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல ஸி தாமி" என்றாள்.

*

ஸி தாமி தன் கெஸ்ட் ஹவுஸ் வாசலில் ஒரு ஜெர்மன் தம்பதியை வரவேற்றுக்கொண்டிருந்தார். கையில் வெள்ளிச் செம்பு. அதைக் குலுக்கி அவர்கள் உள்ளங்கையில் துளித்துளியாகத் தெளித்தார். வாசம் சந்து முழுவதும் பரவியது. ஆரஞ்சுப் பூப் பன்னீர்.

மஹ்ஜூப் ஒரே தாவலில் அவர் முன்னால் போய் நின்றான். "கையும் செம்புமா மாட்டிக்கிட்டீங்க ஸி தாமி!"

ஜெர்மன்காரர்கள் இதுவும் வரவேற்பில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

தாமி அவர்களை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினார். "யாருடா நீ? ஓ... பத்தூலா. அந்தக் கத்தரிக்கோல்காரி அனுப்பினாளா? என்ன வேணும்?"

"அந்த வீடு உங்களுக்கு வேணுமா?" என்று பத்தூல் கேட்டாள்.

"வேணும். ஊருக்கே தெரியும். மறைச்சு என்ன ஆகப்போகுது?"

"அதுக்காக அவங்க சுவத்த நனைச்சீங்களா?"

தாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இந்த ஊர்க்காரிதானே? இங்க எந்த வீடாவது தன் கால்ல நிக்குதா? எல்லாம் பக்கத்து வீட்டுத் தோள்ல கை போட்டுக்கிட்டுதான் நிக்குது. அவ வீடு சாஞ்சா என் வீடும் கூடவே படுத்துடும். அப்புறம் என் விருந்தாளிங்க அவ முற்றத்துல உக்காந்துதான் காலைல காப்பி குடிக்கணும். சுவத்துல தண்ணி விடறதா? நான் தினமும் அந்த வீட்டுக்காக துஆ கேக்கறேன்மா!"

மஹ்ஜூபுக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை லட்சணமான ஒரு குற்றவாளி கைநழுவிப் போவது அவனுக்குப் பொறுக்கவில்லை.

பத்தூல் மட்டும் முகம் மாறவில்லை. "நியாயம். பன்னீர் நல்லா இருக்கே, நீங்களே காய்ச்சறதா?"

"எனக்கு ஏது நேரம்? ஹனியாகிட்ட வாங்கறேன். லர்பி பொண்டாட்டி. கைராசிக்காரி. எனக்கு மட்டுமில்ல, இந்தப் பேட்டைல இருக்கற எல்லா கெஸ்ட் ஹவுஸுக்கும் இந்த வருஷம் கேன் கேனா அவதான் குடுக்கறா."

பத்தூல் நன்றி சொல்லிவிட்டு நடந்தாள். முக்குத் திரும்பியதும் நின்றாள். "லர்பி வீடு தெரியுமா உனக்கு?"

"தெரியாமலா? பூட்டின வீட்டுக்குப் பின்னாடி, ரொட்டி அடுப்புக் கடைக்கு மேல ரெண்டு ரூம். இந்த ரூம்ல படுத்து காலை நீட்டினா அந்த ரூம்ல இருக்கும். முற்றம் இல்ல, வடிகால் இல்ல. குடிக்கற தண்ணியே தெருக்குழாய்லேருந்து ஏத்தணும்..."

அவன் வாய் அப்படியே நின்றது.

"அப்ப கேன் கேனா எங்க காய்ச்சறா?" என்றாள் பத்தூல்.

"லல்லா! அந்தத் தேன் டப்பாவா? ஆனா பூட்டுல சிலந்தி வலை இருக்கே?"

"எல்லாரும் அதையேதான் பாத்தாங்க. என்ஜினீயர் ஆம்பள, பேட்டை அதிகாரி முகத்தம் ஆம்பள, நீயும் ஆம்பள. ஆம்பளைங்களுக்கு வீடுன்னா கதவு. இந்த ஊர்ல பொம்பளைங்க எது வழியா போய் வர்றாங்க?"

மஹ்ஜூப் மேலே பார்த்தான். மொட்டைமாடி பெண்களின் ராஜ்யம். துணி காயப்போடுவது, வம்பளப்பது, கைப்பிடிச் சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவது எல்லாம் அங்கேதான். மானமுள்ள ஆம்பளை எவனும் அங்கே ஏறி அடுத்தவன் முற்றத்தை எட்டிப் பார்க்கமாட்டான்.

"நீங்க ஏறுங்க லல்லா. நான் ஏறினா செருப்பு பறக்கும். போன தடவை பட்டதே இன்னும் வலிக்குது."

அப்போது பள்ளிவாசலில் அஸ்ர் பாங்கு ஒலித்தது. இருவரும் ஓட ஆரம்பித்தார்கள்.

*

அவர்கள் வந்து சேர்ந்தபோது முற்றத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. பேட்டையின் முகத்தம் தோளில் சங்கிலியோடு நின்றார். அரசாங்கத்துக்கு அந்தப் பேட்டையில் கண்ணும் காதும் அவர்தான். கூடவே என்ஜினீயர் பென்னூனா, இளைஞன், நல்ல ஷூ. லர்பி நுஃபிஸாவின் பெட்டியைத் தூக்கப்போக, அவள் அதன் மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"லல்லா, சட்டப்படி..." என்று ஆரம்பித்தார் முகத்தம்.

"சட்டம் என் சுவத்த வந்து பாத்துச்சா? நீங்க கதவுல பெயிண்ட் அடிச்சீங்க. கேவலம், ஒரு கோடுகூட நேரா இல்ல!"

பத்தூல் நேராக என்ஜினீயரிடம் போனாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து ஈரச் சுவரில் வைத்தாள். "எப்படி இருக்கு?"

"ஈரமா இருக்கு."

"அப்புறம்?"

பென்னூனா நெற்றியைச் சுருக்கினான். கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். "வெதுவெதுன்னு இருக்கு."

"நிலத்தடித் தண்ணி வெதுவெதுன்னு வருமா?"

"மௌலே யாகூப் வெந்நீர் ஊத்து இடம் மாறி இங்க வந்துடுச்சோ என்னவோ. சீல் வைக்காதீங்க ஐயா, டிக்கெட் போட்டுக் குளிக்க விடலாம்" என்றான் மஹ்ஜூப்.

என்ஜினீயருக்குக் காது சிவந்தது. "அந்தப் பக்கத்துலேருந்து யாரோ வெந்நீர் ஊத்தறாங்கன்னு சொல்றீங்களா? அது பூட்டின வீடாச்சே."

"அதானே! பூட்டப் பாத்தீங்கள்ல? எட்டுக்கால் பூச்சி குடும்பமே நடத்துது. உள்ள ஆள் எப்படிப் போகும்? நேரத்த வீணாக்காதீங்க, எந்நேரமும் சுவரு விழும்!" என்று லர்பி குறுக்கே விழுந்தார். அவர் குரலில் தேன் கொஞ்சம் வற்றியிருந்தது.

"விழுந்தா என் தலைல விழட்டும்" என்றாள் நுஃபிஸா. "நான் எந்திரிக்க மாட்டேன்."

பத்தூல் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். நுஃபிஸா ஒரு நொடி யோசித்தாள். பிறகு எழுந்துவிட்டாள்.

முகத்தம் நிம்மதியாகச் சங்கிலியை அவிழ்த்தார். ஆனால் நுஃபிஸா வாசலுக்குப் போகவில்லை. பத்தூலைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

லர்பியின் முகம் வெளுத்துப்போனதை மஹ்ஜூப் பார்த்தான். அவர் வாசல் பக்கம் நகர்ந்தார். மஹ்ஜூப் அதற்குள் காலியான நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தான்.

"எங்க ஸி லர்பி, கழுதைக்குத் தண்ணி காட்டவா?"

"தம்பி, வழிய விடு. எனக்கு வேலை இருக்கு."

"நானும் வேலையாத்தான் இருக்கேன். உக்காந்திருக்கறதுதான் வேலை."

மேலே காலடிச் சத்தம் மேற்குப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண் வீறிட்டாள். ஏதோ செம்புப் பாத்திரம் உருண்டது. நுஃபிஸாவின் குரல், அப்புறம் யாரோ விசும்புவது போல ஒரு சத்தம். பென்னூனா சுவரில் காதை வைத்தான். முகத்தம் அவனுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். பதவிக்குப் பொருத்தமான வேலை அது.

பிறகு, தெருவில், டொம் டொம் என்று கதவு இடிபடும் சத்தம்.

எல்லோரும் வெளியே ஓடினார்கள். பூட்டிய வீட்டின் கதவுதான் அதிர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தார்கள். சிலந்தி பாவம், மூட்டை கட்டிக்கொண்டு நிலை மேலே ஏறி ஓடியது.

"திறங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் அலறியது. "லர்பி! அங்கதான் நிக்கறேன்னு தெரியும். திற!"

"உங்க வீட்டம்மா மாதிரி இருக்கே" என்றார் முகத்தம் மெதுவாக.

லர்பி உதட்டை நக்கிக்கொண்டார். "சாவி... சாவிதான் தொலைஞ்சு..."

"உன் ஜெலாபாவுல, இடது உள் பையில! நான்தானே துவைக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்றது கதவு.

லர்பி பெயருக்கு மட்டும் வலது பையைத் தடவினார். பிறகு இடது பைக்குள் கையை விட்டார்.

கதவு திறந்தது. முற்றம் முழுவதும் ஆரஞ்சுப் பூ வெள்ளையாக விரித்துக் கிடந்தது. ஓரமாக வரிசையாகச் செம்புப் பானைகள், நடுவில் பழைய கிணறு, வாளி. நுஃபிஸாவின் சுவரை ஒட்டி ஒரு வடிகால், அதன் மூடி பிளந்து உள்ளே மண் தெரிந்தது. ஆவி பறக்கும் தண்ணீர் அந்தப் பிளவுக்குள் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஹனியா நனைந்த கையோடு வாசலுக்கு வந்தாள். லர்பியை அவள் பார்க்கவில்லை. என்ஜினீயரைப் பார்த்துச் சொன்னாள். "என் தண்ணிதான். நானும் என் தங்கச்சிங்களும் மாடி வழியா வந்து காய்ச்சறோம். நிலம் உள்வாங்குது, அந்தம்மா தலையெழுத்துன்னு இந்த மனுஷன் சொன்னாரு. நான் ஊத்தற தண்ணியாலதான்னு ஒரு வார்த்தை சொல்லல."

"அவரு எப்படிச் சொல்லுவாரு? சுவரு நனையுதுன்னு அதிகாரிங்க இந்தக் கதவத் திறந்து பாத்திருந்தா, இந்த வீட்டுல அவர் நடத்தற கடை மார்செய் வாரிசுகளுக்குத் தெரிஞ்சுபோயிருக்கும். சாவியும் போயிருக்கும், மானமும் போயிருக்கும். அதவிட பக்கத்து வீட்ட இடிச்சுட்டா சுலபம்னு நினைச்சாரு" என்றாள் பத்தூல்.

"எல்லாம் உனக்காகத்தானே ஹனியா..." என்று முனகினார் லர்பி.

"எனக்காகன்னு ஒரு பொம்பளைய நடுத்தெருவுல நிறுத்துவியா? நான் கேட்டேனா உங்கிட்ட?"

நுஃபிஸா லர்பியின் எதிரே வந்து நின்றாள். மஹ்ஜூப் கத்தரிக்கோலை எதிர்பார்த்தான். அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தினமும் வந்து ஆறுதல் சொன்னீங்களே ஸி லர்பி. எப்படி முடிஞ்சுது?"

அவர் தரையைப் பார்த்தார். முகத்தம் அவர் தோளில் கை வைத்தார். பிடித்துக்கொள்ளவா தாங்கிக்கொள்ளவா என்று தெரியவில்லை. எப்படியானாலும் கையை எடுக்கவில்லை.

பென்னூனா நல்ல பையன், தவறை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவன். சீல் வைக்கும் உத்தரவை அங்கேயே நிறுத்திவைப்பதாகச் சொன்னான். ஆனால் படித்தவன் இல்லையா, அதோடு விடவில்லை. நுஃபிஸாவின் வாசல்வரை கூடவே வந்தான்.

"லல்லா, ஒண்ணு மட்டும் சொல்றேன். தண்ணி நின்னாலும் சுவரு காய கோடை முழுசும் ஆகும். அதுவரைக்கும் முட்டுக் குடுக்கணும். உத்தரம் மாத்தணும், அடுத்து கூரை வாய் திறக்கும். பழைய வீடு லேசுல விடாது. வித்துட்டு நல்ல ஃப்ளாட்டா பாருங்க. இல்லைன்னா இதக் கட்டிக்கிட்டு வாழ்நாள் பூரா அழணும்."

நுஃபிஸா முந்தானையாக இழுத்துவிட்டிருந்த தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிவப்புப் பெருக்கல் குறி போட்ட கதவின் விளிம்பில் கை வைத்தாள்.

"அழறதா இருந்தா என் வீட்டுல உக்காந்து அழுதுக்கறேன் தம்பி. நீங்க சங்கிலிய எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் சந்து முனைவரை கேட்டது. அன்றைக்கு அந்த வீட்டைப் பூட்டியது அவள் ஒருத்திதான், உள்ளே இருந்துகொண்டு.